சதுர மீட்டரிலிருந்து ரெலோங்குக்கும் மாவுக்கும்: பினாங்குத் தமிழர்களுக்கான நில அளவு வழிகாட்டி

பினாங்கில் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பத்தின் அலமாரியில் நிலம் தொடர்பாக மூன்று விதமான காகிதங்கள் இருக்க வாய்ப்புண்டு. ஒன்று, பட்டர்வொர்த்திலோ ஆயர் ஈத்தாமிலோ வாங்கிய வீட்டின் கிராண்ட், அதாவது மலேசிய நில உரிமைப் பத்திரம். அதில் பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். இரண்டாவது, தாத்தா காலத்தில் வாங்கிய தோட்டத் துண்டின் பழைய கிராண்ட். அதில் ஏக்கர், ரூட், போல். மூன்றாவது, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டா. அதில் ஹெக்டேர், ஏர். பேச்சில் வருபவையோ வேறு. வீடு என்றால் சதுர அடி, செபராங் பிறையில் நெல் வயல் என்றால் ரெலோங், ஊர் நிலம் என்றால் மா, குழி, சென்ட்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியின் மேல் நிற்கிறது. மெட்ரிக் அளவு எந்த ஊரிலும் மாறாது. ஊர் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ஆகவே எந்தக் கணக்கையும் முதலில் சதுர மீட்டருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தேவையான ஊர் அளவுக்குப் போக வேண்டும். மாவிலிருந்து நேராக ரெலோங்குக்கும், போலிலிருந்து நேராகச் சென்ட்டுக்கும் தாவ முயல்கிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதல் படி: காகிதத்தைச் சரியாகப் படியுங்கள்

பெருக்கலும் வகுத்தலும் யாருக்கும் வரும். தவறு நடப்பது அதற்கு முன்பே, எண்ணைப் படிக்கும்போது. ஆகவே இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பட்டாவை எடுத்துக்கொள்வோம். புல எண், உட்பிரிவு, பிறகு புன்செய், நன்செய், மற்றவை என்று கட்டங்கள் போகும். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சிறு கட்டங்கள்: ஒன்றில் பரப்பு, 'ஹெக் - ஏர்' என்ற தலைப்புடன், மற்றதில் தீர்வை, 'ரூ - பை' என்ற தலைப்புடன். பரப்புக் கட்டத்தில் '0 - 67.00' என்று இருந்தால், பூஜ்ஜியம் ஹெக்டேர், அறுபத்தேழு ஏர் என்று பொருள். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர்.

இங்கேதான் குடும்பங்களுக்குள் மனஸ்தாபம் முளைக்கிறது. பினாங்கில் இருப்பவர் அந்த அறுபத்தேழைச் சென்ட் என்று எடுத்துக்கொள்கிறார். சித்தப்பாவோ தொலைபேசியில், "ஐந்து மா நிலமப்பா அது" என்கிறார். 67 சென்ட் என்பது ஏறத்தாழ இரண்டு மாதான்; மிச்சம் மூன்று மா எங்கிருந்து வந்தது என்று இவருக்குச் சந்தேகம். உண்மையில் இரண்டு பேரும் ஒரே நிலத்தைத்தான் சொல்கிறார்கள். 67 ஏர் என்பது 6,700 சதுர மீட்டர், அது 165.56 சென்ட், தஞ்சை வட்டாரக் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து மா. ஏரைச் சென்ட்டாகப் படிக்கிறவர் கையில் உள்ள நிலத்தில் பாதிக்கு மேல் இல்லாமல் போய்விடுகிறது. விற்பதற்குச் சென்ட் கணக்கில் விலை பேசும்போது இந்தக் குழப்பம் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பட்டாவில் ஹெக்டேர் வந்தது பெரும்பாலும் யூ.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் போதுதான். அது 1979 முதல் 1987 வரை நடந்தது. அதற்கு முந்தைய பதிவேடுகளிலும் பத்திரங்களிலும் ஏக்கரும் சென்ட்டும் இருக்கும். ஆகவே தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் 'விஸ்தீரணம் ஏக்கர் 1 சென்ட் 65' என்றும், இன்றைய பட்டாவில் 0 - 67.00 என்றும் இருந்தால் பதற வேண்டாம், இரண்டும் ஒன்றே. நகரத்து மனை என்றால் பரப்பு சதுர மீட்டரில் வரக்கூடும். கட்டத்தின் தலைப்பைப் படிக்காமல் எண்ணைப் படிக்காதீர்கள்.

சென்ட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 2 ஏக்கர் 5 சென்ட் என்பதைக் கால்குலேட்டரில் 2.5 என்று அடிக்கிறார்கள். அது 2.05. நூறு சென்ட் ஓர் ஏக்கர் என்பதால் சென்ட்டுக்கு எப்போதும் இரண்டு இலக்கம் வேண்டும். இந்தப் பிழையில் 45 சென்ட் கூடிவிடும்.

மலேசியப் பழைய கிராண்டில் இதே பொறி இன்னும் ஆழமானது. '2 - 1 - 20' என்று மூன்று எண்கள் இருக்கும்: 2 ஏக்கர், 1 ரூட், 20 போல். இதை 2.12 ஏக்கர் என்று படிக்கக் கூடாது. ஓர் ஏக்கருக்கு 4 ரூட், ஒரு ரூட்டுக்கு 40 போல். ஆக முதலில் எல்லாவற்றையும் போலாக்குங்கள்: 320 + 40 + 20 = 380 போல். ஓர் ஏக்கருக்கு 160 போல் என்பதால் 380ஐ 160ஆல் வகுத்தால் 2.375 ஏக்கர். தவறாகப் படித்தவருக்கும் சரியாகப் படித்தவருக்கும் இடையே கால் ஏக்கருக்கு மேல் வித்தியாசம்.

புதிய கிராண்டில் 'லுவாஸ்' என்ற சொல்லுக்கு எதிரே பரப்பும், அதையடுத்து 'மீட்டர் பெர்செகி' அல்லது 'ஹெக்தார்' என்றும் இருக்கும். வீட்டு மனைக்குச் சதுர மீட்டரும் பெரிய விவசாய நிலத்துக்கு ஹெக்டேரும் வருவது வழக்கம். கிராண்டின் வகையையும் ஒரு முறை பாருங்கள். எச்.எஸ்.(டி) அல்லது எச்.எஸ்.(எம்) என்று தொடங்கினால் அது தற்காலிக உரிமைப் பத்திரம். அதில் உள்ள பரப்பும் தற்காலிகமானதே. இறுதி நில அளவை முடிந்து நிரந்தரக் கிராண்ட் வரும்போது எண் கொஞ்சம் கூடலாம், குறையலாம். அப்படிப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு மூன்று தசம இலக்கம் வரை கணக்குப் பார்ப்பது வீண் வேலை.

இரண்டாம் படி: எல்லாவற்றையும் சதுர மீட்டராக்குங்கள்

இது சுலபம். ஹெக்டேரை 10,000ஆல் பெருக்குங்கள், ஏரை 100ஆல் பெருக்குங்கள், கூட்டுங்கள். '1 - 21.50' என்றால் 10,000 + 2,150 = 12,150 சதுர மீட்டர். பழைய அளவுகள் என்றால் கீழே உள்ள பட்டியலில் அந்த அளவுக்கு எதிரே இருக்கும் எண்ணால் பெருக்குங்கள். மேலே பார்த்த 380 போல், 25.293ஆல் பெருக்க, ஏறத்தாழ 9,611 சதுர மீட்டர்.

மூன்றாம் படி: எந்த ஊர் அளவு என்று முடிவு செய்யுங்கள்

ஒவ்வோர் அளவும் எத்தனை சதுர மீட்டர் என்பது இதோ. இந்தப் பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஏக்கர்: 4,046.86
சென்ட்: 40.469
ரூட்: 1,011.71
போல்: 25.293
ரெலோங் (கெடா, பினாங்கு வயல் வழக்கு): 2,877.76
ஓர்லோங் (ஆங்கிலேயர் காலப் பினாங்கு): 5,351.2
கிரவுண்ட் அல்லது மனை: 222.97
குழி (தஞ்சை வட்டாரம்): 13.378
மா (தஞ்சை வட்டாரம்): 1,337.8
வேலி (தஞ்சை வட்டாரம்): 26,756
குழி (புதுச்சேரி): 53.512
காணி (செங்கல்பட்டு, புதுச்சேரி): 5,351.2
பரப்பு (யாழ்ப்பாணம், ஏக்கருக்குப் பதினாறு): 252.93

சதுர அடி வேண்டுமானால் சதுர மீட்டரை 10.7639ஆல் பெருக்க வேண்டும்.

பட்டியலில் சில வரிகளுக்கு விளக்கம் தேவை.

ரெலோங்கை முதலில் பார்ப்போம். கெப்பாலா பத்தாஸ், பெனாகா பக்கம் வயல் குத்தகை பேசுகிறவர்கள் இன்றும் ரெலோங்கில்தான் பேசுகிறார்கள். ஒரு ரெலோங் என்பது 176 அடிக்கு 176 அடி, அதாவது 30,976 சதுர அடி, ஏக்கரில் 0.711. உள்ளே போனால் 484 ஜெம்பா. ஒரு ஜெம்பா 8 அடிக்கு 8 அடி, 64 சதுர அடி. ஆனால் பினாங்கின் பழைய ஆங்கிலப் பத்திரங்களில் வரும் ஓர்லோங் வேறு. அதன் ஜெம்பா 12 அடி. இருபது ஜெம்பாவுக்கு இருபது ஜெம்பா, 240 அடிக்கு 240 அடி, 57,600 சதுர அடி. ஏக்கரில் சுமார் 1.32. பெயரின் ஒலி ஒன்றுபோல இருந்தாலும் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. 1786க்குப் பிறகு தீவிலும் 1800க்குப் பிறகு செபராங் பிறையிலும் ஆங்கிலேயர் நிர்வாகம் வந்த ஊர் இது. கெடா வழக்கும் அவர்கள் வழக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரம் ஒன்று கையில் இருந்தால், அதை இன்றைய வயல் ரெலோங்காகக் கொள்ளாதீர்கள்.

ஒரு வேடிக்கை. செங்கல்பட்டுப் பக்கத்துக் காணி 24 மனை. ஒரு மனை 2,400 சதுர அடி. ஆக ஒரு காணி 57,600 சதுர அடி. பினாங்கு ஓர்லோங்கும் அதே 57,600. தஞ்சைக் கணக்கில் அது துல்லியமாக நான்கு மா. இதற்குக் காரணம் தேடி நான் கதை கட்டப் போவதில்லை; ஆனால் தொண்டை மண்டலத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்றுக்குப் பினாங்கில் ஓர் ஓர்லோங் நிலம் கிடைத்திருந்தால், கணக்குப் போட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

குழிதான் எல்லாவற்றிலும் ஏமாற்றுகிற அளவு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் குழி என்றால் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. புதுச்சேரியில் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. அங்கே நூறு குழி ஒரு காணி. ஒரே சொல், நான்கு மடங்கு வித்தியாசம். டெல்டாவின் பழைய பத்திரங்களில் காணி என்ற சொல் வேறு வேலையும் செய்யும்: அங்கே அது எண்பதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னம். வேலியில் எண்பதில் ஒரு பங்கு என்றால் கால் மா, 25 குழி, வெறும் 3,600 சதுர அடி. பத்திரத்தில் காணி என்று கண்டதும் 1.32 ஏக்கர் என்று மகிழ்ந்துவிட வேண்டாம்.

தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து உறவுகள் பினாங்கில் நிறைய. அங்கே பெரியவர்கள் 'கோட்டை விதைப்பாடு', 'மரக்கால் விதைப்பாடு' என்று சொல்வார்கள். எவ்வளவு விதை விதைக்கலாமோ அவ்வளவு நிலம் என்பதே அதன் பொருள். மண்ணையும் ஊரையும் பொறுத்து அது மாறும். இதற்கு நான் எண் தரமாட்டேன், இணையத்தில் தருகிறவர்களையும் நம்பாதீர்கள். பட்டாவில் உள்ள ஹெக்டேரை எடுத்துச் சென்ட்டாக்கிக் கொள்வதே உத்தமம்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: இலங்கைப் பத்திரத்தில் வரும் பேர்ச்சும் மலேசியக் கிராண்டில் வரும் போலும் ஒன்றே, 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச் ஒரு பரப்பு.

நான்காம் படி: வகுத்து, மிச்சத்தைச் சிறிய அளவாக்குங்கள்

6,700 சதுர மீட்டரை 1,337.8ஆல் வகுத்தால் 5.008. முழு எண் 5 மா. புள்ளிக்குப் பின் உள்ள 0.008ஐ 100ஆல் பெருக்கினால் 0.8 குழி. ஆக 5 மா, முக்கால் குழிக்குச் சற்று மேல்.

தோட்டத் துண்டின் 9,611 சதுர மீட்டரை 2,877.76ஆல் வகுத்தால் 3.34 ரெலோங். மிச்சமுள்ள 0.34ஐ இம்முறை 484ஆல் பெருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு ரெலோங்குக்கு அத்தனை ஜெம்பா. 3 ரெலோங் 164 ஜெம்பா என்று வரும். மிச்சத்தை எதனால் பெருக்குவது என்பது அளவுக்கு அளவு மாறும்: ஏக்கருக்கு 100 சென்ட், மாவுக்கு 100 குழி, வேலிக்கு 20 மா, காணிக்கு 24 மனை.

அண்ணன் தம்பி மூவர் பங்கு பிரிக்கும்போது, சதுர மீட்டரிலேயே பிரித்துவிட்டுக் கடைசியில் மாற்றுங்கள். 6,700ஐ மூன்றாகப் பிரித்தால் 2,233.33, அது 1 மா 67 குழி, சென்ட்டில் 55.19. முதலில் ஐந்து மா என்று முழுசாக்கிவிட்டுப் பிறகு மூன்றால் வகுத்தால் கடைசியில் மூன்று பங்கையும் கூட்டும்போது பட்டாவோடு ஒட்டாது. உறவு ஏற்கெனவே கசந்திருந்தால் அந்த ஒட்டாத முக்கால் குழியே ஒரு வழக்குக்குப் போதும்.

ஐந்தாம் படி: மனக்கணக்கில் சரிபாருங்கள்

ஏரைச் சென்ட்டாக்கும் துல்லியமான எண் 2.47105. வாய்க்கணக்குக்கு இரண்டரையால் பெருக்கி, வந்ததில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் கழியுங்கள். 67 ஏர்: இரண்டரையால் பெருக்க 167.5, ஏறத்தாழ இரண்டைக் கழிக்க 165.5. போதும். மூன்று குழி சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு சென்ட். மூன்று மா சேர்ந்தால் ஏறத்தாழ ஓர் ஏக்கர். சதுர மீட்டரைச் சதுர அடியாக்கப் பத்தே முக்காலால் பெருக்கலாம்: 20 அடிக்கு 70 அடித் தொடர் வீட்டின் கிராண்டில் 130 சதுர மீட்டர் என்றிருந்தால், 1,397 என்று வரும், உண்மை 1,399. கண்ணால் அளக்க வேண்டுமானால், இரட்டையர் ஆட்டத்துக்கான பூப்பந்துத் திடல் ஒன்று கிட்டத்தட்ட இரண்டு சென்ட்.

விலையை மாற்றும்போது

பரப்புக்கு வகுத்தால் விலைக்குப் பெருக்க வேண்டும் என்பது பலருக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. ரெலோங் ஏக்கரைவிடச் சிறியது. ஆகவே ஒரு ரெலோங்குக்குச் சொன்ன குத்தகையை 1.40625ஆல் பெருக்கினால்தான் ஏக்கர் குத்தகை. ஒரு ரெலோங்குக்கு 800 ரிங்கிட் என்று ஒருவரும், ஏக்கருக்கு 1,100 ரிங்கிட் என்று இன்னொருவரும் சொன்னால், முதலாமவர் கேட்பது ஏக்கருக்கு 1,125, இரண்டாமவர்தான் மலிவு. ஊரில் சென்ட் விலையைக் குழி விலையாக்க 3.025ஆல் வகுக்க வேண்டும்.

வரைபடம் மட்டும் இருந்தால்

சில வேளைகளில் பரப்பு தெரியாது, புல வரைபடம்தான் இருக்கும். பழைய படங்களில் பக்க நீளங்கள் மீட்டரில் இல்லை, லிங்க் என்னும் சங்கிலிக் கண்ணியில் இருக்கும். மலேசியாவின் பழைய அளவைப் படங்களிலும் இதே கதை. நூறு லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர். இதில் ஓர் அழகு உண்டு: ஆயிரம் சதுர லிங்க் துல்லியமாக ஒரு சென்ட். 250க்கு 200 என்று செவ்வக நிலம் இருந்தால் 50,000 சதுர லிங்க், ஐம்பது சென்ட். அதையே மீட்டர் என்று நினைத்தால் ஐந்து ஹெக்டேர், பன்னிரண்டு ஏக்கருக்கு மேல். நிலம் கோணலாக இருந்தால் எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கும் பழக்கம் வேண்டாம். அது எப்போதும் உண்மைக்கு மேல்தான் காட்டும். குறுக்கே ஒரு கோடு போட்டு முக்கோணங்களாக்கி ஒவ்வொன்றையும் தனியே கணக்கிடுங்கள்.

கைப்பேசிச் செயலிகளைச் சோதிப்பது

நிலம் மாற்றும் செயலிகள் ஏராளம். ஒன்றை நம்புவதற்கு முன், 10,000 சதுர மீட்டர் எத்தனை குழி என்று கேளுங்கள். 747.5 என்றால் அது தஞ்சைக் குழி, 186.9 என்றால் புதுச்சேரிக் குழி. வேறு எண் வந்தால் அது உங்கள் ஊர்க் கணக்கல்ல. அதே 10,000க்கு ரெலோங் 3.475 வர வேண்டும், 1.87 வந்தால் செயலி ஓர்லோங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. யூ.டி.ஆர். காலத்துப் பட்டா எண்கள் பெரும்பாலும் .00 அல்லது .50 என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். அரை ஏர் என்பது 50 சதுர மீட்டர், 538 சதுர அடி, ஒன்றேகால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. பழைய பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் இடையே அந்த அளவு வித்தியாசம் வந்தால் அது முழுசாக்கியதால் வந்தது என்று விட்டுவிடலாம். ஐந்து சென்ட், பத்துச் சென்ட் என்று வித்தியாசம் வந்தால், உங்கள் பெருக்கலை ஒரு முறை மட்டும் திருப்பிப் பாருங்கள். அது சரியாக இருந்தால் கால்குலேட்டரை வைத்துவிட்டு, ஊரில் உள்ளவரிடம் சொல்லி நில அளவையருக்கு மனுக் கொடுக்கச் சொல்லுங்கள்.